வீட்டுப் பட்டறை நுண்ணளவைக் கருவிகள்

வீட்டுப் பட்டறை நுண்ணளவைக் கருவிகள் என்பன, வீட்டை ஒட்டிய சிறு பட்டறைகளிலும் ஒன்றிரண்டு கடைசல் இயந்திரங்களைக் கொண்ட சிறு தொழிற்கூடங்களிலும் நீளம், விட்டம், தடிப்பு, ஆழம் ஆகியவற்றை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு வரை அளக்கப் பயன்படும் கைக்கருவிகள் ஆகும். வெர்னியர் அளவி, திருகு அளவி, டயல் காட்டி ஆகிய மூன்றும் இவற்றுள் முதன்மையானவை. இவற்றைச் சரிபார்க்க உதவும் அளவுக்கட்டைகளும் இவ்வகையில் அடங்கும். பட்டறை வழக்கில் திருகு அளவி மைக்ரோமீட்டர் என்றும், டயல் காட்டி டயல் கேஜ் என்றும், அளவுக்கட்டை ஸ்லிப் கேஜ் என்றும் அழைக்கப்படுகின்றன.

இக்கருவிகளின் நம்பகத்தன்மை, அவை காட்டும் எண்ணை ஏற்கெனவே அறிந்த ஓர் அளவுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதில் தங்கியுள்ளது. கருவியைத் தேர்ந்தெடுத்தல், பழுதுநீக்குதல், பேணுதல் ஆகிய மூன்றும் இந்த ஒப்பீட்டை அடிப்படையாகக் கொண்டே அமைகின்றன. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியின் சிறு பட்டறைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவை கீழே விளக்கப்படுகின்றன.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதி

திருவள்ளூர் மாவட்டம் 1997ஆம் ஆண்டு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. இம்மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி, சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டி அமைந்துள்ளது. அங்கும் தேர்வாய்கண்டிகையிலும் சிப்காட் நிறுவனத்தின் தொழில் வளாகங்களும், காக்களூர், திருமழிசை முதலிய இடங்களில் சிட்கோ தொழிற்பேட்டைகளும் உள்ளன. 1964இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையும் நெடுங்காலம் இம்மாவட்டத்திலேயே இருந்தது. 2018இல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது.

உருக்கு, வார்ப்பு, வாகன உதிரிப்பாகம் ஆகிய துறைகளின் ஆலைகளைச் சுற்றி, அவற்றுக்காகக் கூலிக்குப் பாகங்களைக் கடைந்து தரும் சிறு பட்டறைகள் இயங்குகின்றன. இப்பணி ஜாப் ஒர்க் எனப்படுகின்றது. வரைபடமும் மூலப்பொருளும் பட்டறைக்கு வரும். செய்து முடித்த பாகம் ஆலையின் ஆய்வுப் பிரிவில் மீண்டும் அளக்கப்படும். பட்டறையின் கருவியும் ஆலையின் கருவியும் வெவ்வேறு எண்களைக் காட்டினால் பாகம் திருப்பி அனுப்பப்படும். செய்த வேலைக்கான கூலி கிடைக்காமல் போவதுடன், சில வேளைகளில் மூலப்பொருளின் விலையையும் பட்டறையே ஏற்க நேரிடும். எனவே, இத்தகைய பட்டறைக்கு அளவைக் கருவி வருவாயுடன் நேரடித் தொடர்புடையது.

இப்பகுதியின் தட்பவெப்பமும் கருவிகளைப் பாதிக்கின்றது. வங்கக் கடலும் பழவேற்காடு ஏரியும் அருகில் இருப்பதால் காற்றில் ஈரப்பதம் மிகுந்துள்ளது. கோடையில் தகரக் கூரையிட்ட பட்டறையினுள் வெப்பநிலை 40 பாகை செல்சியஸ் அளவை எட்டுகின்றது. முதலாவது துருவையும், இரண்டாவது அளவு மாற்றத்தையும் உண்டாக்குகின்றன.

நுண்ணளவையின் தேவை

சிறு மோட்டார்களில் பரவலாகப் பயன்படும் 6202 எண் கொண்ட பேரிங்கை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதன் உள்விட்டம் 15 மி.மீ. ஆகும். இயல்பு வகுப்பைச் சேர்ந்த பேரிங்கின் உள்விட்டம் 15.000 மி.மீ. முதல் 14.992 மி.மீ. வரை இருக்கலாம். அதில் நுழையும் தண்டிற்கு ஜே6 என்னும் பொருத்து வகுப்பு குறிக்கப்பட்டிருந்தால், தண்டின் விட்டம் 14.997 மி.மீ. முதல் 15.008 மி.மீ. வரை இருக்க வேண்டும். அதாவது, அனுமதிக்கப்படும் மொத்த இடைவெளி 0.011 மி.மீ. மட்டுமே. பட்டறைகளில் இது டாலரன்ஸ் எனப்படும்.

தண்டு 0.02 மி.மீ. சிறுத்துவிட்டால், அது பேரிங்கினுள் எளிதாக நுழைந்துவிடும். கையால் தொட்டுப் பார்ப்பவருக்குக் குறை தெரியாது. ஆனால் மோட்டார் ஓடும்போது பேரிங்கின் உள்வளையம் தண்டின்மீது சிறிது சிறிதாக வழுக்கிச் சுழலும். தண்டு தேய்ந்து, அதிர்வும் இரைச்சலும் தோன்றி, புதிய பேரிங் மாற்றினாலும் குறை நீங்காத நிலை ஏற்படும். 0.02 மி.மீ. மீச்சிற்றளவு கொண்ட வெர்னியர் அளவியால் இந்த வேறுபாட்டை உறுதியாக அறிய இயலாது. இங்கு திருகு அளவி தேவைப்படுகின்றது.

அடிப்படைக் கருத்துகள்

மீச்சிற்றளவு என்பது ஒரு கருவியால் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய அளவாகும். பள்ளி ஆய்வகத்தின் வெர்னியர் அளவியில் 9 மி.மீ. நீளம் 10 பிரிவுகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். அதன் மீச்சிற்றளவு 0.1 மி.மீ. ஆகும். பட்டறை வெர்னியர் அளவியில் 49 மி.மீ. நீளம் 50 பிரிவுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒரு பிரிவு 0.98 மி.மீ. என்பதால், முதன்மைக் கோலின் பிரிவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடான 0.02 மி.மீ. மீச்சிற்றளவாகின்றது. திருகு அளவியில் ஒரு முழுச் சுற்றுக்குத் தண்டு 0.5 மி.மீ. நகர்கின்றது. தலைக்கோலில் 50 பிரிவுகள் இருப்பதால் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. ஆகும்.

துல்லியம் என்பது கருவி காட்டும் அளவு உண்மையான அளவுக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதைக் குறிக்கும். இதுவும் மீச்சிற்றளவும் ஒன்றல்ல. 0.01 மி.மீ. வரை இலக்கங்களைக் காட்டும் 150 மி.மீ. டிஜிட்டல் அளவிகளின் அனுமதிக்கப்பட்ட பிழை பொதுவாக ±0.02 மி.மீ. அல்லது ±0.03 மி.மீ. என அவற்றின் விவரத்தாளிலேயே குறிக்கப்பட்டிருக்கும். கடைசி இலக்கம் திரையில் தோன்றுகின்றது என்பதற்காக அதை அப்படியே நம்ப இயலாது.

மீள்தன்மை என்பது ஒரே பொருளைப் பலமுறை அளக்கும்போது ஒரே எண்ணைத் தருவதாகும். மீள்தன்மை உடைய கருவியின் பிழையைக் கண்டறிந்து கழித்துவிடலாம். மீள்தன்மை அற்ற கருவியின் பிழை ஒவ்வொரு முறையும் மாறுவதால், அதனைத் திருத்த இயலாது.

ஆபே கோட்பாடு 1890ஆம் ஆண்டு செருமானிய இயற்பியலாளர் எர்ன்சுட் ஆபே கூறியதாகும். அளக்கப்படும் பொருளும் அளவுகோலும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும் என்பது அதன் கருத்து. திருகு அளவி இதற்கு உட்பட்டது. வெர்னியர் அளவியில் தாடைகள் கோலுக்குக் கீழே அமைந்துள்ளதால், நகரும் தாடை சற்றே சாய்ந்தாலும் பிழை ஏற்படும். தாடை ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு சாய்ந்தால், கோலிலிருந்து 40 மி.மீ. தொலைவிலுள்ள முனையில் ஏறத்தாழ 0.012 மி.மீ. பிழை தோன்றும். இதனால் பொருளைத் தாடையின் நுனியில் வைக்காமல், கோலுக்கு அருகில் வைத்து அளக்க வேண்டும்.

வரலாறு

பிரான்சு நாட்டுக் கணிதவியலாளர் பியேர் வெர்னியர் 1631இல் தமது பெயரால் வழங்கும் துணைக்கோலை விளக்கி எழுதினார். திருகைக் கொண்டு அளக்கும் முறையை 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வில்லியம் காசுக்கோயின் தொலைநோக்கியில் பயன்படுத்தினார். கையில் பிடித்து அளக்கும் திருகு அளவிக்கு பிரான்சின் சான் லோரான் பால்மர் 1848இல் காப்புரிமை பெற்றார். 1867ஆம் ஆண்டு பாரிசுக் கண்காட்சியில் அதனைக் கண்ட அமெரிக்காவின் பிரவுன் அண்டு சார்ப் நிறுவனத்தார், அதன் அடிப்படையில் தமது கருவியை உருவாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தனர்.

சுவீடனில் துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிய கார்ல் எட்வர்டு யோகான்சன் 1896இல் அளவுக்கட்டைத் தொகுதியை உருவாக்கினார். சில கட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து ஆயிரக்கணக்கான அளவுகளைப் பெற இயலும் என்பது இதன் சிறப்பு. வெவ்வேறு ஊர்களில் செய்யப்படும் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவதற்கு இக்கட்டைகள் வழிவகுத்தன. கும்மிடிப்பூண்டியில் கடையப்படும் தண்டு வேறோர் ஊரில் செய்த பேரிங்கில் பொருந்துவதும் இவ்வாறான பொது அளவு ஒன்று இருப்பதனாலேயே.

கருவிகளைத் தேர்ந்தெடுத்தல்

புதிதாகப் பட்டறை தொடங்குபவர் கீழ்க்காணும் வரிசையில் கருவிகளை வாங்குவது பொருத்தமாகும்.

1. 150 மி.மீ. வெர்னியர் அளவி. வெளிவிட்டம், உள்விட்டம், ஆழம் ஆகிய மூன்றையும் அளக்கலாம். மின்கலம் தேவையில்லை. எண்ணெய், குளிர்விக்கும் நீர் ஆகியவற்றால் இதன் அளவு பாதிக்கப்படுவதில்லை. வாசிக்கப் பழக்கமும் நல்ல வெளிச்சமும் வேண்டும்.
2. 0 - 25 மி.மீ. திருகு அளவி. சிறு தண்டுகளுக்கும் தகடுகளுக்கும் இது போதுமானது. 25 - 50 மி.மீ. கருவியைத் தேவை ஏற்படும்போது வாங்கலாம். அத்துடன் 25 மி.மீ. அளவுத்தண்டும் இருக்க வேண்டும். அத்தண்டு இல்லாமல் அக்கருவியின் சுழிநிலையைச் சரிபார்க்க இயலாது.
3. டயல் காட்டியும் காந்தத் தாங்கியும். கடைசல் இயந்திரத்தில் பொருள் மையத்தில் சுழல்கின்றதா என்பதை அறிய உதவும். தாங்கி உறுதியற்றதாக இருந்தால் விலையுயர்ந்த காட்டியும் பயன்தராது.
4. சில அளவுக்கட்டைகள். முழுத் தொகுதி தேவையில்லை. அடிக்கடி செய்யும் வேலையின் அளவை ஒட்டிய நான்கைந்து கட்டைகள் போதும். ஐ.எஸ்.ஓ. 3650 தரத்தில் 2ஆம் நிலையைச் சேர்ந்த 10 மி.மீ. கட்டையின் அனுமதிக்கப்பட்ட விலக்கம் ±0.00045 மி.மீ. மட்டுமே. பட்டறைக் கருவிகளைச் சரிபார்க்க இந்நிலை போதுமானது.

டிஜிட்டல் அளவி விரைவாக வாசிக்க உதவுகின்றது. மில்லிமீட்டருக்கும் அங்குலத்துக்கும் எளிதில் மாற்றலாம். மலிவான டிஜிட்டல் அளவிகள் பல, திரை அணைந்த பின்னரும் மின்கலத்திலிருந்து மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். சுரங்கோலில் ஈரம் படிந்தாலும் அளவு தாவும். ஒரே ஒரு கருவியை மட்டும் வாங்க இயலும் நிலையில், நல்ல தரமான வெர்னியர் அளவியே நெடுநாள் உழைக்கும்.

பழைய கருவிகள்

ஆலைகள் கழித்துவிடும் கருவிகள் பழைய இரும்புக் கடைகள் வழியாகவும், சென்னை பாரிமுனை, மண்ணடிப் பகுதிக் கடைகள் வழியாகவும் விற்பனைக்கு வருவதுண்டு. பழைய கருவியை வாங்குமுன் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

- திருகு அளவியின் அளக்கும் முகங்களில் சிராய்ப்போ உடைந்த மூலையோ இருக்கக்கூடாது.
- தண்டு முழு நீளத்துக்கும் ஒரே சீராகச் சுழல வேண்டும். பெரும்பாலான கருவிகள் முதல் 10 மி.மீ. பகுதியிலேயே மிகுதியாகப் பயன்படுத்தப்படுவதால், அங்கு மட்டும் புரிகள் தேய்ந்திருக்கும். அங்கு தளர்வாகவும் மறுமுனையில் இறுக்கமாகவும் சுழன்றால், அத்தேய்மானத்தைச் சரிசெய்ய இயலாது.
- வெர்னியர் அளவியின் தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடையே ஒளி தெரியக்கூடாது.
- பழைய கருவிகள் சில அங்குல அளவுடையவை. அங்குலத் திருகு அளவியில் தலைக்கோல் 25 பிரிவுகளைக் கொண்டிருக்கும். ஒரு பிரிவு ஆயிரத்தில் ஓர் அங்குலம், அதாவது 0.0254 மி.மீ. ஆகும்.
- புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயரில் போலிகள் விற்கப்படுகின்றன. பெயரைக் காட்டிலும் அளக்கும் முகங்களின் நேர்த்தியும் கோடுகளின் தெளிவும் நம்பத்தக்க அடையாளங்களாகும்.

சுழிப்பிழையை மட்டும் கொண்ட பழைய கருவியை ஒதுக்க வேண்டியதில்லை. அது கீழே விளக்கப்படும் முறையில் சில நிமிடங்களில் திருத்தக்கூடிய குறையாகும்.

சரிபார்த்தல்

சுழிநிலை: அளக்கும் முகங்களுக்கு இடையே தூய தாள் ஒன்றை வைத்து, மெதுவாக மூடி, தாளை இழுத்தெடுத்தால் தூசியும் எண்ணெயும் நீங்கும். பின்னர் ராட்செட்டை இரண்டு அல்லது மூன்று முறை ஒலிக்குமாறு சுழற்றி மூட வேண்டும். தலைக்கோலின் சுழி, ஸ்லீவிலுள்ள நெடுங்கோட்டுடன் ஒன்றவேண்டும். தண்டைக் கையால் இறுக்கினால் சட்டம் விரிந்து தவறான அளவைத் தரும்.

பிற அளவுகள்: சுழிநிலை சரியாக இருப்பது மட்டும் போதாது, இடைப்பட்ட அளவுகளையும் பார்க்க வேண்டும். 5, 10, 15 மி.மீ. ஆகிய முழு அளவுகளை மட்டும் பார்த்தால், தலைக்கோல் ஒவ்வொரு முறையும் சுழியிலேயே நிற்கும். ஒரு சுற்றுக்குள் ஏற்படும் பிழை வெளிப்படாது. இதனாலேயே திருகு அளவிகளைச் சரிபார்ப்பதற்கான கட்டைத் தொகுதிகளில் 2.5, 5.1, 7.7, 10.3, 12.9 மி.மீ. போன்ற அளவுகள் அமைந்துள்ளன. இவை தலைக்கோலை வெவ்வேறு கோணங்களில் நிறுத்துகின்றன.

முகங்களின் இணைத்தன்மை: சிறு பேரிங் குண்டு ஒன்றை அளக்கும் முகங்களின் நடுவிலும் நான்கு ஓரங்களிலும் வைத்து அளந்து பார்க்கலாம். ஐந்து இடங்களிலும் ஒரே அளவு கிடைத்தால் முகங்கள் இணையாக உள்ளன எனக் கொள்ளலாம். ஆய்வகங்களில் இதற்கு ஒளியியல் சமதளக் கண்ணாடி பயன்படுகின்றது. கண்ணாடியை முகத்தின்மீது வைத்து ஒற்றைநிற ஒளியில் நோக்கும்போது குறுக்கீட்டுப் பட்டைகள் தோன்றும். சோடியம் ஒளியில் ஒரு பட்டை ஏறத்தாழ 0.0003 மி.மீ. உயர வேறுபாட்டைக் குறிக்கும்.

பேரிங் கொண்டு ஒப்பிடுதல்: அளவுக்கட்டைகள் இல்லாதபோது, அறியப்பட்ட நிறுவனத்தின் புதிய பேரிங்கை முதற்கட்ட ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தலாம். இயல்பு வகுப்பு பேரிங்குகளின் அளவு வரம்புகள் பின்வருமாறு:

- 608: வெளிவிட்டம் 22.000 முதல் 21.991 மி.மீ. வரை, உள்விட்டம் 8.000 முதல் 7.992 மி.மீ. வரை
- 6200: வெளிவிட்டம் 30.000 முதல் 29.991 மி.மீ. வரை, உள்விட்டம் 10.000 முதல் 9.992 மி.மீ. வரை
- 6202: வெளிவிட்டம் 35.000 முதல் 34.989 மி.மீ. வரை, உள்விட்டம் 15.000 முதல் 14.992 மி.மீ. வரை
- 6203: வெளிவிட்டம் 40.000 முதல் 39.989 மி.மீ. வரை, உள்விட்டம் 17.000 முதல் 16.992 மி.மீ. வரை

வெர்னியர் அளவி 6202 பேரிங்கின் வெளிவிட்டத்தை 35.06 மி.மீ. எனக் காட்டினால், பிழை கருவியில் உள்ளது எனத் தெளியலாம். 34.98 அல்லது 35.00 எனக் காட்டினால், அக்கருவியின் இயல்புக்குள் உள்ளது எனலாம். பேரிங்கின் அகலத்துக்கு 0.12 மி.மீ. வரை விலக்கம் அனுமதிக்கப்படுவதால், அகலத்தை ஒப்பீட்டுக்குக் கொள்ளக்கூடாது. இம்முறை பெரும் பிழைகளைக் கண்டறிய மட்டுமே உதவும், அளவுக்கட்டைக்கு மாற்றாகாது.

ஒப்பீட்டு அளவீடு: மேற்கூறிய 15 மி.மீ. தண்டைக் கடையும்போது, முதலில் 15 மி.மீ. அளவுக்கட்டையைத் திருகு அளவியால் அளந்து, அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கட்டையை 15.003 எனக் காட்டும் கருவி, தண்டை 15.005 எனக் காட்டினால் தண்டின் விட்டம் 15.002 மி.மீ. ஆகும். மூன்றாம் தசம இலக்கம், தலைக்கோலின் இரு கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியைக் கண்ணால் மதிப்பிட்டுப் பெறப்படுவது. இம்முறையில், ±0.004 மி.மீ. பிழை அனுமதிக்கப்பட்ட எளிய கருவியையும் கடுமையான வேலைக்குப் பயன்படுத்த இயலும்.

பழுதுநீக்கல்

வெர்னியர் அளவி: நகரும் பகுதியின் மேல்விளிம்பில் இரண்டு சிறு திருகுகள் உள்ளன. அவற்றின் கீழே மெல்லிய உலோகப் பட்டை ஒன்று கோலை அழுத்திக்கொண்டிருக்கும். தாடை ஆடினால் இரண்டு திருகுகளையும் மெதுவாக முழுதும் இறுக்கி, பின்னர் ஒவ்வொன்றையும் எட்டில் ஒரு சுற்று தளர்த்த வேண்டும். தாடை தடையின்றி நகர வேண்டும், ஆனால் ஆடக்கூடாது. தாடை விளிம்பில் பிசிறு இருந்தால், நுண்ணிய எண்ணெய்க்கல்லை அதன்மீது தட்டையாக வைத்து, பிசிறு மட்டும் நீங்கும் வரை தேய்க்க வேண்டும். உப்புத்தாளால் தேய்த்தால் தாடையின் சமதளம் கெடும்.

திருகு அளவியின் சுழிப்பிழை: பள்ளியில் சுழிப்பிழை கணக்கிட்டுக் கூட்டப்படுகின்றது அல்லது கழிக்கப்படுகின்றது. பட்டறையில் அது கருவியிலேயே நீக்கப்படுகின்றது. பிழை 0.01 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், முகங்களை மூடித் தண்டைப் பூட்டியபின், கருவியுடன் வரும் கொக்கித் திறவியை ஸ்லீவின் பின்புறத் துளையில் மாட்டி, கோடுகள் ஒன்றும் வரை ஸ்லீவைச் சிறிது சுழற்ற வேண்டும். பிழை மிகுதியாக இருந்தால், ராட்செட்டைக் கழற்றித் திம்பிளைத் தளர்த்தி, ஏறத்தாழச் சுழிக்குக் கொண்டுவந்து இறுக்கியபின், எஞ்சிய பிழையை ஸ்லீவால் திருத்தலாம்.

திருகின் தளர்வு: திம்பிளை முழுதும் சுழற்றி வெளியே எடுத்தால் உட்புறத்தில் சரிசெய்யும் நட்டு ஒன்று தெரியும். இது கூம்பு வடிவில் அமைந்து, பிளவுபட்ட உட்புரியை நெருக்குகின்றது. கொக்கித் திறவியால் இதனை மிகச் சிறிதளவே இறுக்கி, ஒவ்வொரு முறையும் தண்டைச் சுழற்றிப் பார்க்க வேண்டும்.

இறுகிய திருகு: நெடுநாள் கிடப்பில் இருந்த கருவியில் பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். தண்டை வெளியே எடுத்து, புரிகளை மண்ணெண்ணெயில் மென்மையான தூரிகையால் கழுவி, உலர்த்தி, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் இடவேண்டும். காற்றழுத்தக் குழாயால் ஊதினால் துகள்கள் உள்ளே செல்லும்.

டயல் காட்டி: முள் தயங்கி நகர்ந்தால், பெரும்பாலும் நகரும் தண்டில் படிந்த அழுக்கே காரணமாகும். தண்டை வெளியே இழுத்து, சாராயத்தில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். தண்டுக்கு எண்ணெய் இடக்கூடாது. எண்ணெய் தூசியைப் பிடித்து மீண்டும் தடையை உண்டாக்கும். தண்டை ஐந்து முறை தூக்கி விட்டுப் பார்த்தால், முள் ஒவ்வொரு முறையும் அரைக் கோட்டுக்குள் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். உள்ளே உள்ள பற்சக்கரங்களும் மயிர்ச்சுருளும் கடிகாரப் பணிக்கு ஒப்பானவை; அவற்றைப் பழுதுநீக்கும் பணியாளரிடம் விடுவதே நன்று.

டிஜிட்டல் அளவி: எண்கள் மினுக்கினால் முதலில் மின்கலத்தை மாற்ற வேண்டும். எஸ்.ஆர்.44 வகை வெள்ளி ஆக்சைடு மின்கலம் தீரும் வரை ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தைத் தரும், எல்.ஆர்.44 வகையின் மின்னழுத்தம் படிப்படியாகக் குறைந்துகொண்டே வரும். எண்கள் தாவினால் கோலின் மேற்பரப்பை உலர்ந்த மென்துணியால் துடைக்க வேண்டும். தின்னர், அசிட்டோன் போன்றவை பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். பெயர் பொறிக்க மின்பேனாவைப் பயன்படுத்தினால் உள்ளிருக்கும் மின்சுற்று பழுதாகக்கூடும்.

வளைந்த சட்டம், தேய்ந்த அளக்கும் முகம், முழுதும் தேய்ந்த புரி ஆகியவை வீட்டில் நீக்கக்கூடிய பழுதுகள் அல்ல. அத்தகைய கருவியின் மீது குறியிட்டு, அளவைப் பணியிலிருந்து விலக்கிவிட வேண்டும். அடையாளமின்றிப் பெட்டியிலேயே கிடக்கும் பழுதான கருவியை, பின்னர் வேறொருவர் எடுத்துப் பயன்படுத்த நேரிடும்.

வெப்பநிலையின் தாக்கம்

நீள அளவைகளுக்கான உலகப் பொது வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் ஆகும். எடைகள், அளவைகளுக்கான பன்னாட்டுக் குழு 1931இல் இதனை ஏற்றுக்கொண்டது. 100 மி.மீ. நீளமுள்ள உருக்கு, வெப்பநிலை ஒரு பாகை உயரும்போது ஏறத்தாழ 0.00115 மி.மீ. நீள்கின்றது. 40 பாகையில் அதன் நீட்சி 0.023 மி.மீ. ஆகும்.

பட்டறை வெப்பமாக இருப்பதால் மட்டும் உருக்குப் பாகங்களின் அளவு தவறாகிவிடுவதில்லை. கருவியும் பாகமும் உருக்காலானவையாகவும் ஒரே வெப்பநிலையிலும் இருந்தால், இரண்டும் சமமாக நீள்வதால் பிழை பெரும்பாலும் நீங்கிவிடும். சிக்கல் இரு வேளைகளில் எழுகின்றது. முதலாவது, கடைந்த சூட்டுடன் பாகத்தை அளத்தல். கருவியைவிட 25 பாகை சூடான 15 மி.மீ. தண்டு, தன் உண்மையான விட்டத்தைவிட 0.004 மி.மீ. பெரிதாகத் தெரியும். இது ஜே6 பொருத்தின் மொத்த இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கை விட மிகுதி; ஆறியபின் தண்டு வரம்புக்குக் கீழே சென்றுவிடலாம். இரண்டாவது, அலுமினியம் போன்ற வேறு உலோகம். அலுமினியம் உருக்கைப்போல் இரு மடங்கு நீள்வதால், 35 பாகையில் 100 மி.மீ. அலுமினியப் பாகம் உருக்குக் கருவியில் 0.017 மி.மீ. மிகையாகத் தெரியும். குளிரூட்டிய ஆய்வு அறையில் அது சிறியதாக அளக்கப்படும்.

எனவே, பாகத்தையும் கருவியையும் அளவுக்கட்டையையும் ஓர் இரும்புத் தட்டின்மீது அருகருகே சிறிது நேரம் வைத்திருந்து, பின்னர் அளப்பது வழக்கம். கருவியை வெயில் படும் இடத்திலோ சட்டைப் பையிலோ வைத்திருக்கக்கூடாது.

பேணுதல்

காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டும்போது உருக்கில் துரு விரைவாகப் பிடிக்கின்றது. கடலோரத் திருவள்ளூர்ப் பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி இந்நிலையே நிலவுகின்றது. கையின் வியர்வையிலுள்ள உப்பு துருவை விரைவுபடுத்தும். நாள்தோறும் பணி முடிந்ததும் கருவியைத் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசி, மூடிய பெட்டியில் சிலிக்கா கூழ்மப் பொட்டலத்துடன் வைக்க வேண்டும். அட்டைப் பெட்டியும் பஞ்சும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் அவை ஏற்றவையல்ல. திருகு அளவியின் முகங்களை முழுதும் மூடாமல் சிறிது இடைவெளி விட்டு வைக்க வேண்டும். மூடிய முகங்களுக்கு இடையே ஈரம் தங்கித் துரு பிடிக்கும். வெப்பத்தால் நீளும்போது சட்டமும் அழுத்தப்படும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பது பயனுள்ளது.

அளவுத்திருத்தச் சான்று

தொழிற்கூடங்களில் காலிபரேஷன் என வழங்கும் அளவுத்திருத்தம், ஒரு கருவியை அதனினும் நுண்மையான கருவியுடன் ஒப்பிட்டு, அதன் பிழையை எழுத்தில் பதிவதாகும். இந்தியாவில் நீள அளவையின் தேசிய நியமத்தைப் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் பேணுகின்றது. ஐ.எஸ்.ஓ. 17025 தரத்தின்படி என்.ஏ.பி.எல். வாரியத்தின் தகுதியேற்பு பெற்ற ஆய்வகங்கள், அந்நியமத்துடன் தொடர்புபடுத்திச் சான்று வழங்குகின்றன. சென்னையிலும் அம்பத்தூரிலும் இத்தகைய ஆய்வகங்கள் உள்ளன.

ஒரு சிறு பட்டறை தன் கருவிகள் அனைத்துக்கும் சான்று பெறுவது செலவு மிக்கது. அளவுக்கட்டைகளுக்கு மட்டும் சான்று பெற்று, பிற கருவிகளை அவற்றுடன் பட்டறையிலேயே ஒப்பிடுவது சிக்கனமான வழியாகும். சான்றிதழில் கருவியின் எண், அளக்கப்பட்ட புள்ளிகள், ஒவ்வொன்றிலும் உள்ள பிழை, அளவீட்டின் ஐயப்பாடு, ஆய்வக வெப்பநிலை ஆகியவை இடம்பெற்றிருக்க வேண்டும். "சரியாக உள்ளது" என்று மட்டும் கூறும் தாளால் பயனில்லை.

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குறிப்பேட்டுப் பக்கம் ஒதுக்கி, மாதம் ஒருமுறை அதே கட்டைகளை அளந்து, நாளையும் கிடைத்த எண்களையும் எழுதிவருவது நல்ல பழக்கமாகும். 15 மி.மீ. கட்டையைச் சனவரியில் 15.001 எனவும் சூலையில் 15.006 எனவும் காட்டும் கருவி தேய்ந்துவருகின்றது என்பதை, பாகங்கள் திருப்பி அனுப்பப்படுவதற்கு முன்பே இப்பதிவு காட்டிவிடும். ஆலையின் ஆய்வுப் பிரிவுடன் அளவு குறித்துக் கருத்து வேறுபாடு எழும்போது, சான்று பெற்ற கட்டையும் இக்குறிப்பேடுமே பட்டறையாளர் முன்வைக்கக்கூடிய சான்றுகளாகின்றன.